ஓரின் மேசைக் கோழி

எங்கள் அலுவலகத்தில் ஒரு ரப்பர் கோழி இருந்தது. மஞ்சள் நிறம், நீளக் கழுத்து, வயிற்றை அமுக்கினால் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். யார் எழுதியதைச் சேர்த்ததும் மொத்த மென்பொருளும் ஓடாமல் நின்றுபோகிறதோ, அவர் மேசையில் அதைக் கொண்டுபோய் வைப்பார்கள். அடுத்த ஆள் எதையாவது கெடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். நிரல் எழுதுகிறவர்கள் கூடுகிற இடங்களில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். சில கம்பெனியில் தொப்பி, சில கம்பெனியில் பொம்மைத் தவளை. எல்லாம் தமாஷுக்குத்தான் என்பார்கள். தமாஷ் என்று பெயர் வைத்துவிட்டால் ஒரு மனிதனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

அந்தக் கோழி ஓரின் ஸ்டாடமின் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை என்று சொன்னால் அது மிகை. நகரும். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும்.

டுலூத் நகரத்தில் ஏரியைப் பார்த்த ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடி எங்களுடையது. பல் மருத்துவர்கள் எடுக்கிற எக்ஸ்ரே படங்களைச் சேமித்துவைக்க மென்பொருள் செய்கிறோம். என் பெயர் லவான். மற்றவர்கள் எழுதியதைப் போட்டு உடைத்துப் பார்ப்பது என் வேலை. குணமும் அதற்குத் தோதாகவே அமைந்திருக்கிறது என்று என் முன்னாள் கணவன் சொல்வான். ஓரினின் வேலை வேறு. எங்கள் மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்ற மூன்றிலும் ஒரே மாதிரி ஓடும்படி பார்த்துக்கொள்வது.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று கணினிக்குச் சொல்ல, வீட்டு முகவரி மாதிரி ஒரு பாதை எழுதவேண்டும். அந்தப் பாதையில் ஒரு ஃபோல்டரையும் அடுத்ததையும் பிரிக்க ஒரு சாய்கோடு. விண்டோஸ் அந்தக் கோட்டை ஒரு பக்கம் சாய்க்கும், மற்ற இரண்டும் எதிர்ப்பக்கம் சாய்க்கும். விண்டோஸ் பாதை டி டிரைவ், சி டிரைவ் என்று ஆரம்பிக்கும். மற்றவற்றுக்கு டிரைவ் என்றால் என்னவென்றே தெரியாது. இப்படி இன்னும் நூறு தகராறு. ஓரின் இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிப்போட்டு ஒரு சிறு நிரல் எழுதிவைத்திருந்தான். யாரும் பாதையைக் கையால் எழுதவேண்டாம். அந்த நிரலைக் கேட்டால், ஓடுகிற கணினிக்கு ஏற்ற பாதையை அதுவே தரும்.

யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு இரண்டு வரி எழுதவேண்டும். சாய்கோட்டைப் போட்டு ஒட்டினால் அரை வரியில் முடிந்துவிடும். அலுவலகத்தில் ஓரினைத் தவிர எல்லோரும் மேக் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒட்டினாலும் ஓடியது. விண்டோஸ் ஓரினுக்கு மட்டும், ஏனென்றால் எங்களுக்குக் காசு கொடுக்கிற கிளினிக்குகள் எல்லாமே விண்டோஸ்.

அவனை நல்ல பிள்ளையாகக் காட்ட எனக்கு எண்ணமில்லை. மகா தொல்லை பிடித்த மனிதன். மத்தியானம் வினிகரில் ஊறின ஹெர்ரிங் மீனை மேசையிலேயே திறந்துவைத்துத் தின்பான். யாராவது எழுதியதைச் சரிபார்க்கக் கொடுத்தால், வரிக்கு வரி அதே வாக்கியத்தைப் பதிப்பான்: பாதையை ஒட்டாதீர்கள், கேளுங்கள். புதிதாக வந்த ஒரு பெண்ணின் முதல் வேலைக்கே பக்கம் பக்கமாகக் குறை எழுதினான். அவள் கழிவறையில் போய் அழுதாள். நான் போய்ச் சொன்னதற்கு, அப்படியா, கடைசிக் குறிப்பு அவளுக்குப் புரிந்ததா என்று என்னைக் கேட்டான். வார இறுதி எப்படிப் போயிற்று என்று இருபது வருஷத்தில் ஒருவரையும் அவன் கேட்டதில்லை.

கீரன் பிரையர் மினியாபொலிஸிலிருந்து எங்களுக்கு மேலாளராக வந்தான். முப்பத்து நான்கு வயது, நல்ல பல்வரிசை, எல்லோருடைய நாயின் பெயரும் தெரியும். வந்த மாதமே, அங்கங்கே சிதறிக் கிடந்த உதிரிக் கோப்புகளை ஒன்றாகத் திரட்டி ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்கு 'ஆக்ஸ்' என்று பெயர் வைத்தான். மேக்கில் ஒரு குறையும் இல்லை. விண்டோஸில் அந்தப் பெயரை எதற்கும் வைக்க முடியாது. என் சின்ன வயசிலேயே யாரோ அதை ஏதோ ஒரு கருவிக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டுப் போனார்கள், இன்றுவரை அந்தத் தடையை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஓரினின் கணினி, திட்டத்தின் கோப்புகளை இறக்கவே முடியாமல் முரண்டு பிடித்து நின்றது.

கீரன் கோழியை எடுத்துக்கொண்டு நடந்துவந்தான். கெடுத்தது அவன், கோழி அவனுடையது, தன் மேசைக்குத்தான் போகிறான் என்று நினைத்தோம். அவன் ஓரினின் மேசையில் வைத்தான்.

"பெரியவரே, எங்க எல்லாருக்கும் ஓடுது. உங்களுக்கு மட்டும் நிக்குது. அப்ப கோழி யாருக்கு?"

"அந்தப் பேர விண்டோஸ்ல வைக்க முடியாது, கீரன்."

"சரி, அப்ப விண்டோஸுக்கே குடுத்துருவோம். இங்க விண்டோஸ் யாரு?"

எல்லோரும் ஓரினைப் பார்த்தார்கள். பெருஞ்சிரிப்பு. கீரன் கோழியை ஒருமுறை அமுக்கினான், அது கத்தியது, இன்னும் சிரிப்பு. அன்றிலிருந்து சட்டம் மாறிவிட்டது. கெடுத்தவனுக்குக் கோழி என்பது போய், யாருடைய கணினியில் நிற்கிறதோ அவனுக்குக் கோழி என்றானது. நின்றது எப்போதும் ஒரே ஒரு கணினிதான்.

அவன் ஏன் பொறுத்துக்கொண்டான் என்று கேட்பீர்கள். அவன் மனைவி ஆர்லிஸ்தான் காரணம். தன் உடம்பே தன் நரம்பின் மேலுறையைத் தின்கிற நோய் அவளுக்கு. ஆரம்பத்தில் காப்பீட்டுக்காரர்கள் மலிவான ஊசியைத்தான் தருவோம் என்றார்கள். அது கேட்கவில்லை என்று நிரூபித்தால் நல்ல மருந்து. அவர்கள் நிரூபித்தார்கள், நிரூபிக்கிறதற்குள் அவளுடைய வலது கண்ணில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை மருத்துவமனையில் உட்கார்த்தி ரத்தக்குழாயில் ஏற்றுகிற நல்ல மருந்து. நோய் அந்த இடத்திலேயே நின்றது. கைத்தடியோடு நடந்தாள், தேவாலயத்தின் அடித்தளத்தில் காப்பி ஊற்றினாள், கோடையில் படகில் ஏறி வாலாய் மீன் பிடித்தாள். அந்த மருந்து ஓரினின் வேலையோடு வருகிற காப்பீட்டில் வந்தது. வேலை போனால் மருந்து போகும். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூப்பர்களுக்கு அரசாங்கம் தருகிற காப்பீட்டுக்கு இன்னும் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்தை எப்படியாவது ஓட்டிவிடவேண்டும், அவ்வளவுதான் அவன் கணக்கு.

எங்கள் பக்கத்தில் டிசம்பரானால் ஒவ்வொரு குடும்பமும் அந்த வருஷத்து நடப்பை ஒரு பக்கத்தில் அடித்து எல்லோருக்கும் அனுப்பும். நானும் ஓரினும் ஒரே சாலைக்காரர்கள் என்பதால் ஸ்டாடம் வீட்டுக் கடிதம் எனக்கும் வரும். கீரன் வந்து சில வருஷம் கழித்து வந்த கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டு படித்தேன். கூரை மாற்றினார்கள், ஆர்லிஸின் தங்கைக்கு மூட்டு அறுவை, இவ்வளவு பெரிய மீன் பிடித்தோம். அப்புறம் ஒரு வரி: எங்கள் ஓரின் இந்த வருஷமும் அலுவலகத்தின் தங்கக் கோழியை மற்ற எல்லோரையும்விட அதிகத் தடவை வென்றார், அவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை.

தங்கக் கோழி! வீட்டில் போய் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறான். ஊர் முழுக்க அறுபது வீட்டுக்காவது அந்தக் கடிதம் போயிருக்கும். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் கீரன் எல்லோரையும் கூட்டினான். கிளினிக்குகளின் அடித்தளங்களில் தூசி தின்றுகொண்டிருக்கிற விண்டோஸ் சர்வர்கள் இனி வேண்டாம். எல்லாப் படங்களையும் நாம் வாடகைக்கு எடுக்கிற லினக்ஸ் கணினிகளுக்கு மாற்றிவிடுவோம், புத்தாண்டுக்குள் விண்டோஸுக்கு முழுக்கு என்றான். கைதட்டினார்கள். ஓரின் எழுந்து, அதற்குப் பிறகு தன் வேலை என்ன என்று கேட்டான். "மொதல்ல இது நல்லபடியா முடியட்டும் பெரியவரே, உங்களுக்கு ஒரு எடம் பாக்காமலா போயிருவோம்" என்றான் கீரன், பல் முழுக்கத் தெரிய.

முதலில் புதிய கிளினிக்குகளை மாற்றினார்கள். ஒரு சிக்கலும் இல்லை. கீரன் எல்லோருக்கும் டோனட் வாங்கினான். அந்த வாரம் நான் என் பாட்டுக்கு, கிளோக்கேயில் இருக்கிற ஒரு பழைய கிளினிக்கின் நகலை எடுத்து லினக்ஸில் போட்டுப் பார்த்தேன். நாலாயிரம் நோயாளிகள். ஒருவருக்கும் ஒரு படமும் இல்லை. பிழை என்று ஒரு எழுத்தும் வரவில்லை. படங்கள் எதுவும் இல்லை என்று மரியாதையாகக் காட்டியது. புதிதாக ஒரு படம் எடுத்துச் சேமித்தேன், சேமித்தாயிற்று என்றது. திரும்பத் தேடினால் காணோம்.

அரை நாள் துழாவிக் கண்டுபிடித்தேன். தற்காலிகக் கோப்புகளை வைக்கிற ஃபோல்டரில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், ஒரே ஒரு கோப்பு. அதன் பெயரே டி டிரைவில் ஆரம்பித்து நோயாளி பெயர்வரை போகிற முழுப் பாதை. பழைய கிளினிக்குகளின் பதிவுகளில் பாதையை டி டிரைவ் சகிதம் கையால் ஒட்டிவைத்திருக்கிறார்கள். லினக்ஸுக்கு டி டிரைவும் தெரியாது, அந்தப் பக்கம் சாய்ந்த கோடு பிரிப்பதற்கு என்பதும் தெரியாது. அதற்கு அது இன்னொரு எழுத்து. மறுக்காமல் மொத்தத்தையும் ஒரு கோப்பின் பெயராக வைத்துக்கொண்டுவிட்டது. அந்த ஃபோல்டரை வாரத்துக்கு ஒருமுறை பெருக்கித் தள்ளுகிற வேலையும் சேர்த்தே ஓடியது.

நான் கீரனிடம் போகவில்லை. சாப்பாட்டு அறையில் ஓரினைத் தனியாகப் பிடித்து, மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். வெகுநேரம் அந்த நீளப் பெயரையே பார்த்தான். காது சிவந்துபோயிற்று.

"இது நான் எழுதினது" என்றான்.

இருபது வருஷத்துக்கு முன்னால், கம்பெனியில் சேர்ந்த புதிதில், அவன் பாதைகளை ஒட்டியிருக்கிறான். பிறகுதான் ஞானம் வந்து, கேட்கிற நிரலை எழுதி, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணியிருக்கிறான். பழைய பதிவுகள் விண்டோஸிலேயே இருந்தவரை அவனுடைய ஒட்டு வெளியே தெரியவில்லை. அவனும் அதை யாருக்கும் சொல்லவில்லை.

நான் என் யோசனையைச் சொன்னேன். இப்போது வாயைத் திறக்காதே. நான் என் சோதனையில் புதிய கிளினிக்குகளை மட்டும் பார்த்ததாக எழுதிவிடுகிறேன், அவர்கள் எனக்குக் கொடுத்த பட்டியலே அதுதான். பழைய கிளினிக்குகளை மாற்றட்டும். படங்கள் காணாமல் போகட்டும். அப்போது கீரன் உன் காலில் வந்து விழுவான். இந்தப் பழைய குப்பை தெரிந்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். இரண்டு வருஷம், மூன்று வருஷம் உன்னைத் தொட மாட்டான். பழைய படங்கள் கிளினிக் அடித்தளங்களில் இருக்கவே இருக்கின்றன, நடுவில் சிலதுதான் போகும்.

"ஜனங்களோட எக்ஸ்ரே, லவான்."

"பல்லு, ஓரின். உயிர் இல்ல, பல்லு. இன்னொரு தடவ வாயத் தொறந்து எடுத்துக்குவாங்க. ஆர்லிஸுக்கு இன்னொரு கண்ணு எங்கருந்து எடுப்ப?"

அவன் மீன் டப்பாவை மூடினான். பிறகு சொன்னான். "தேடிப் பாப்பாங்க. யார் எழுதினதுன்னு பாப்பாங்க. ஒவ்வொரு வரிலயும் என் பேரு இருக்கு."

அதுதான் விஷயம். எக்ஸ்ரே, ஜனங்கள் எல்லாம் முதலில் வந்த வார்த்தை, உண்மை இரண்டாவதாக வந்தது. வருஷக்கணக்காகக் கோழியைத் தாங்கிக்கொண்டவனுக்கு, அந்த ஒரு கோழியை மட்டும் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் அநியாயமாக வந்தவை, அவற்றை மனசுக்குள் தங்கமாக மாற்றிக்கொள்ளலாம். இது நியாயமாக வரும். இதை நினைக்கும்போதெல்லாம் அவனைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருக்கிறது.

அவன் இரண்டு வாரம் தலை நிமிரவில்லை. பழைய பதிவு ஒவ்வொன்றையும் படித்து, டி டிரைவைக் கழற்றி, புதிய இடத்துக்குப் பாதை போட்டு, போட்டது சரியா என்று தானே சரிபார்க்கிற ஒரு கருவியை எழுதினான். நான் அதை உடைக்க முயன்றேன். என்னென்னவோ கொடுத்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த அத்தனை வன்மத்தையும் காட்டினேன். உடையவில்லை. என் வாழ்க்கையில் உடைக்க முடியாமல் போன ஒரே நிரல் அது. அவனுடைய பழைய வரிகளையும் அது அழித்துவிட்டது, இனி ஒட்டினவன் பெயர் எங்கேயும் முன்னால் வந்து நிற்காது. கீரனிடம் அதைப் பழைய கிளினிக்குகளுக்கான சின்ன ஏற்பாடு என்று சொல்லிக் கொடுத்தான்.

டிசம்பரில் எல்லாப் பழைய கிளினிக்குகளும் மாறின. ஒரு தொலைபேசி அழைப்புகூட வரவில்லை. கூட்டத்தில் கீரன் இரண்டு கையையும் விரித்தான். "பாத்தீங்களா, இவ்ளோ பயமுறுத்தினீங்களே. ஒண்ணுமே இல்ல. விண்டோஸ் இல்லாம ஒண்ணும் முழுகிப் போகல." ஓரின் கைதட்டினான். மற்றவர்களோடு சேர்ந்து, நல்ல சத்தமாகவே தட்டினான்.

ஜனவரி இரண்டாவது வாரம், வெளியே மூச்சு உறைகிற குளிர். ஓரின் கட்டடத்தின் கீழ்வாசலில் நுழைவு அட்டையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான், கதவு திறக்கவில்லை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். திறந்துவிடப் போனபோது மனிதவளப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள், திறக்கக் கூடாதாம். அவளே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், பனியில் நிற்கவைத்தே அவனிடம் ஒரு உறையைக் கொடுத்தாள். விண்டோஸ் பணியிடம் நீக்கப்படுகிறது. காப்பீடு மாதக் கடைசிவரை. கீரன் அன்று மினியாபொலிஸில் இருந்தான்.

அவன் மேசையில் இருந்ததை எல்லாம் அந்தப் பெண் ஒரு பெட்டியில் போட்டு, நான் அந்தச் சாலைதானே என்று என்னிடம் கொடுத்தாள். சாயங்காலம் பெட்டியோடும், கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஒரு தட்டு ஹாட்டிஷோடும் போனேன். ஓரின் வெளியே நடைபாதையில் பனி வாரிக்கொண்டிருந்தான். வாரின இடத்தையே மறுபடி வாரிக்கொண்டிருந்தான். ஆர்லிஸ் பெட்டியைச் சமையல் மேசையில் வைத்துத் திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே கோழி. மேசையில் இருந்ததை எல்லாம் போடு என்று சொன்னார்கள், அந்தப் பெண் போட்டுவிட்டாள்.

ஆர்லிஸ் அதை எடுத்து, பார்வை இருக்கிற கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். அமுக்கினாள். கத்தியது.

"தங்கம்னு நெனச்சேன்" என்றாள். "லவான், இத எதுக்குக் குடுப்பாங்க?"

அப்போது ஓரின் உள்ளே வந்து, பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன் அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஒரு பொய் சொல்லியிருக்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. ஆனால் கேட்டவள் அவள். கண்ணைப் பறிகொடுத்தவளும் அவள்.

"கெடுத்தவங்களுக்கு" என்றேன். "யாரால எல்லாம் நிக்குதோ அவங்களுக்கு." சாப்பாட்டு அறையில் நடந்ததையும் சொன்னேன். சும்மா இருந்திருந்தால் வேலை இருந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

ஆர்லிஸ் கோழியை மேசையில் நிமிர்த்தி உட்காரவைக்கப் பார்த்தாள், அது சாய்ந்து விழுந்தது. "அப்ப ஒன் பேரு தப்பிச்சிருச்சு, இல்ல?" என்று ஓரினைக் கேட்டாள். பிறகு ஹாட்டிஷ் ஆறிவிடும் என்று தட்டு எடுக்கப் போனாள்.

பழைய காப்பீட்டையே முழுக் காசும் கட்டித் தொடரலாம். அந்த மாதத் தொகையைப் பார்த்துவிட்டு ஓரின் உறையை மறுபடி ஒட்டி வைத்தான். புதிதாக வாங்கின காப்பீட்டுக்காரர்கள் ஆர்லிஸின் காகிதங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார்கள். முதலில் மலிவான ஊசி என்றார்கள். அது ஒருமுறை தோற்று, கண் போயிருக்கிறது என்று மருத்துவர் எழுதினார். அது வேறு காப்பீட்டில் தோற்றது, எங்கள் காப்பீட்டிலும் தோற்கவேண்டும் என்று பதில் வந்தது. கடை ஒன்றில் சாமான் அடுக்குகிற வேலைக்குப் போன ஓரின், வீட்டுக்கு வந்து அவளுக்கு அந்த ஊசியைப் போட்டுவிடுவான். தோற்பதற்காக.

ஏரியில் பனி உடைகிற சமயத்தில் அது தோற்றது. ஒருநாள் விடியலில் எழுந்திருக்கப் போனவளுக்கு இரண்டு காலும் வரவில்லை. மருத்துவர் எழுதினார், காப்பீட்டுக்காரர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. நல்ல மருந்து மறுபடி வந்தது. போன கால் வராது என்று அதை ஏற்றின நர்ஸ் பக்குவமாகச் சொன்னாள்.

அலுவலகத்தில் புதுக் கோழி வாங்கிவிட்டார்கள். இப்போது பச்சை நிறம். ஓரினின் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எழுதியது யார் என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாது, தெரியவேண்டிய அவசியம் வரவும் இல்லை.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ஆர்லிஸ் சன்னல் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நாற்காலியின் கைப்பிடியில் பழைய மஞ்சள் கோழியைக் கழுத்தில் நாடா போட்டுக் கட்டியிருக்கிறாள். தண்ணீர் வேண்டும் என்றால், கழிவறைக்குப் போகவேண்டும் என்றால், கம்பளி நழுவினால், அவள் கூப்பிடுவதில்லை. அதை அமுக்குவாள். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் ஓரின் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வருவான். வந்து நின்று, என்ன வேண்டும் என்று கேட்பான். சில நாள் அவளுக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. அவன் போனதும் மறுபடி அமுக்குவாள்.